ரூஜ் டிராகன்: இங்கிலாந்து அரசவையின் கடைசி வரிசைக்காரர்

கேள்வி இதுதான்: 2023 மே 6 அன்று சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவில், சீட்டுக்கட்டில் வரும் ஜாக் போல உடை உடுத்திய சிலர் ஊர்வலத்தில் நடந்து போனார்கள். அவர்களில் ஒருவருடைய பதவிப் பெயர் 'ரூஜ் டிராகன் பர்சிவன்ட்'. இது என்ன பதவி? எப்போது வந்தது? இன்றைக்கும் இவருக்கு உண்மையிலேயே ஏதாவது வேலை இருக்கிறதா, அல்லது வெறும் அலங்காரமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் குயின் விக்டோரியா தெருவில் 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. குடும்பங்களுக்கும் நகரங்களுக்கும் நிறுவனங்களுக்கும் குலச்சின்னம் வழங்குவது, வம்சாவளியைப் பதிவு செய்வது, அரச விழாக்களில் யார் எங்கே நிற்பது என்று வரிசைப்படுத்துவது ஆகியவை அதன் பணிகள். நிரந்தரப் பதவியில் இருப்பவர்கள் 13 பேர். மேல்தட்டில் மூன்று 'கிங் ஆஃப் ஆர்ம்ஸ்', நடுவில் ஆறு 'ஹெரால்ட்', கடைசித் தட்டில் நான்கு 'பர்சிவன்ட்'. அந்த நால்வரில் ஒருவர்தான் ரூஜ் டிராகன். பதவி உருவான நாள் 1485 அக்டோபர் 29. அரசாங்கம் தரும் ஆண்டுச் சம்பளம் 13 பவுண்டு 95 பென்ஸ். 1831இல் நான்காம் வில்லியம் காலத்தில் நிர்ணயித்த தொகை அது, இன்றுவரை ஏறவே இல்லை.

இந்தச் சம்பளத்தை வைத்துப் பதவியை எடை போட்டுவிட வேண்டாம். இங்கிலாந்து மக்கள்தொகையை முதன்முதலில் நம்பத்தக்க விதத்தில் கணக்கிட்டவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அவரிடம் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒரு போர்க்களத்துக்குப் போக வேண்டும்.

ஹெரால்ட் என்பவரை நம் பழைய வழக்கில் கட்டியக்காரர் என்று சொல்லலாம், ஓரளவுக்குப் பொருந்தும். அரசனின் பட்டங்களை அறிவிப்பது, எதிரிப் பாளையத்துக்குத் தூது போவது, கேடயத்தில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து இன்னார் இன்னார் என்று அடையாளம் சொல்வது, போர் முடிந்ததும் இறந்து கிடப்பவர்களைப் பெயர் சொல்லி எண்ணுவது எல்லாம் அவர் வேலை. பர்சிவன்ட் அவருக்குக் கீழே தொழில் கற்பவர். பழைய மரபுப்படி ஏழு ஆண்டுகள் பர்சிவன்டாக அலைந்து பழகிய பிறகுதான் ஹெரால்ட் ஆகலாம் என்று வைத்திருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் அரசர் மட்டுமல்ல, பெரிய பிரபுக்களும் தளபதிகளும்கூட சொந்தமாக பர்சிவன்ட் வைத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் போர்களில் பெயர் வாங்கிய சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் வைத்திருந்த பர்சிவன்டின் பதவிப் பெயர் 'சீக்ரெட்'. அரசருக்கு, பிரான்ஸ் கரையில் அவர் கையில் இருந்த கலே, கீன், ரைஸ்பேங்க் போன்ற கோட்டைகளின் பெயரில் பர்சிவன்ட்கள் இருந்தார்கள். 1558இல் பிரெஞ்சுக்காரர்கள் கலேயைப் பிடித்தார்கள், கோட்டை போனதும் அந்தப் பெயர்களும் போயின.

ஒரு பர்சிவன்டின் பதவி எதை நம்பி நின்றது என்பது இதிலிருந்தே புரியும். கோட்டையின் பெயர் சூட்டினால் கோட்டை இருக்கும் வரை பதவி. ஒரு அரசனுடைய தனிச்சின்னத்தின் பெயர் சூட்டினால் அந்த அரசன் இருக்கும் வரை பதவி. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் பர்சிவன்டுக்கு நடந்தது அதுதான்.

ரிச்சர்டின் சின்னம் வெள்ளைப் பன்றி. 1483இல் யார்க் நகரில் தன் மகனை வேல்ஸ் இளவரசனாக்கிய விழாவுக்கு, வெள்ளைப் பன்றி பதித்த துணிச் சின்னங்கள் 13,000 செய்து வரச் சொன்னவர் அவர். அவருடைய பர்சிவன்டின் பெயரும் பிரெஞ்சில் 'பிளான்ஷ் சாங்லியே', அதாவது வெள்ளைப் பன்றிதான். ஹெரால்டுகளுக்கு ரிச்சர்ட் உண்மையிலேயே நல்லது செய்தவர். 1484 மார்ச் 2 அன்று அவர்களுக்கு ஒரு சாசனம் கொடுத்து, ஒரு நிறுவனமாக்கி, லண்டனில் கோல்டுஹார்பர் என்ற பெரிய மாளிகையையும் கொடுத்தார். இன்றைய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸின் தொடக்கம் அதுதான். ஒன்றரை ஆண்டுகூட அவர்கள் நிம்மதியாக அங்கே இருக்கவில்லை.

1485 ஆகஸ்ட் 7 அன்று, அரியணைக்கு உரிமை கோரிய ஹென்றி டியூடர் (பின்னர் மன்னர் ஏழாம் ஹென்றி) பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்து வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் பக்கத்தில் இறங்கினார். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்ட் வெட்டுண்டு விழுந்தார். அவர் உடலை லெஸ்டர் நகரத்துக்குக் கொண்டுபோன விதத்தை எட்வர்ட் ஹால் 1548இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், ஒரு பர்சிவன்டின் குதிரையில் அவனுக்குப் பின்னால் குறுக்கே போட்டுக் கட்டி, தலையும் கையும் ஒரு பக்கம், கால்கள் மறுபக்கம் தொங்கக் கொண்டுபோனார்கள். அந்த பர்சிவன்டின் பெயர் பிளான்ஷ் சாங்லியே என்கிறார் ஹால். காலையில் அரசனின் சின்னத்தைச் சுமந்துகொண்டு புறப்பட்டவனை, மாலையில் அரசனின் பிணத்தைச் சுமக்க வைத்தார்கள். வென்றவர்கள் வேண்டுமென்றே செய்த அவமானம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். இந்தக் காட்சியை ஹால் நேரில் பார்த்தவர் அல்ல, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியவர். ஆனால் அம்மணமாக, ஒரு பர்சிவன்டுக்குப் பின்னால் போட்டுக் கட்டி என்ற செய்தி அதற்கு முந்தைய லண்டன் நாளாகமத்திலும் இருக்கிறது.

2009இல் பாஸ்வொர்த் களத்தைத் தேடிய தொல்லியல் ஆய்வாளர்களுக்கு ஒரு சிறிய வெள்ளிப் பன்றிச் சின்னம் கிடைத்தது, தங்க முலாம் பூசியது. போர் உண்மையில் எங்கே நடந்தது என்று உறுதிப்படுத்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன. வெள்ளைப் பன்றி என்ற பதவிக்கு மட்டும் மறுவாழ்வு வரவில்லை.

ஹென்றி என்ன செய்தார்? ஹெரால்டுகளின் மாளிகையைப் பிடுங்கித் தன் தாயார் மார்கரெட் போஃபோர்ட்டுக்குக் கொடுத்தார். ஆனால் ஹெரால்டுகள் இல்லாமல் ஒரு அரசனால் முடிசூட்டிக்கொள்ள முடியாது. அதுவும் ஹென்றி போல வாரிசு உரிமை பலவீனமாக இருந்த ஒருவருக்குச் சடங்கும் சின்னமும் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டன. தன் தந்தைவழி வேல்ஸ் மூதாதையரை முன்னிறுத்தி, ஏழாம் நூற்றாண்டு மன்னன் கட்வலாடரின் சிவப்பு டிராகன் என்று சொல்லப்பட்டதைத் தன் கொடியில் ஏற்றியிருந்தார். பாஸ்வொர்த்துக்குப் பிறகு லண்டன் வந்ததும் அந்தக் கொடியை செயின்ட் பால் பேராலயத்தில் காணிக்கையாக வைத்தார். அக்டோபர் 30 அன்று முடிசூட்டு விழா. அதற்கு முந்தின நாள் ஒரு புதிய பர்சிவன்ட் பதவியை உருவாக்கி, அதற்குச் சிவப்பு டிராகன் என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் ரூஜ் டிராகன். வெள்ளைப் பன்றி போய் இரண்டு மாதம் ஒரு வாரத்தில் சிவப்பு டிராகன் வந்துவிட்டது. விழாவில் கூடுதலாக ஒரு ஆள் நடக்க வேண்டும் என்பதற்காக அவசரமாகச் செய்த ஏற்பாடு என்று சிலர் கடந்துபோவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இனி யாருடைய சின்னத்தை நாடு பார்க்க வேண்டும் என்று ஹென்றி வெளியிட்ட முதல் அறிவிப்புகளில் ஒன்று அது. பச்சை மேட்டின் மேல் முன்காலைத் தூக்கி நடக்கும் சிவப்பு டிராகன்தான் இன்றும் அந்தப் பதவியின் அடையாளம்.

மற்ற மூவரைப் பற்றிச் சுருக்கமாக. ரூஜ் க்ரோவா என்றால் சிவப்புச் சிலுவை, செயின்ட் ஜார்ஜின் சிலுவை. நால்வரில் பழையது அதுதான், ஐந்தாம் ஹென்றி காலத்தது. புளூமேன்டில், நீலப் போர்வை, கார்ட்டர் வீரப்பட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். போர்ட்கல்லிஸ் என்பது கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் இரும்புக் கிராதி. ஹென்றியின் தாய்வழிக் குடும்பத்தின் சின்னம் என்பதால் அதையும் பதவியாக்கியவர் அவரேதான். அப்பா வழிக்கு ஒன்று, அம்மா வழிக்கு ஒன்று.

பர்சிவன்ட் ஆக்கும் சடங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடைக்காலத்தில் அது ஏறக்குறைய ஒரு ஞானஸ்நானம். தலையில் கிண்ணத்திலிருந்து ஊற்றி, பதவிப் பெயரை உரக்கச் சூட்டுவார்கள். அதற்குப் பிறகு அரசவையில் அவருக்குச் சொந்தப் பெயர் கிடையாது, ரூஜ் டிராகன்தான். அரச சின்னம் பொறித்த டபார்ட் என்ற மேலங்கியைப் போட்டுவிடுவார்கள். அந்த அங்கிக்கு முன்னும் பின்னும் இரண்டு நீளத் துண்டுகள், தோள்களில் இரண்டு குட்டைத் துண்டுகள். ஹெரால்ட் அதை நேராகப் போட்டுக்கொள்வார். பர்சிவன்ட் பக்கவாட்டில் திருப்பிப் போட வேண்டும், கைத்துண்டுகள் நெஞ்சிலும் முதுகிலும் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் இளையவர் என்று தெரிந்துவிடும். ஹெரால்டாக உயரும் நாளில் அங்கியைத் திருப்பி நேராக்குவார்கள். இரண்டாம் ஜேம்ஸ் காலத்தோடு இந்த வழக்கம் நின்றுபோனது. இப்போது எல்லாரும் நேராகத்தான் போடுகிறார்கள். துணியில் மட்டும் வேறுபாடு நிற்கிறது: கிங் ஆஃப் ஆர்ம்ஸுக்கு வெல்வெட், ஹெரால்டுக்கு சாட்டின், பர்சிவன்டுக்கு டமாஸ்க் பட்டு.

தூது வேலை ஆபத்தில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். 1513 செப்டம்பரில், எட்டாம் ஹென்றி பிரான்ஸில் போர் செய்துகொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் வடக்கே படையெடுத்து வந்தார். அவரை எதிர்க்கப் போன சர்ரே பிரபு, சண்டைக்கு அழைப்பு விடுத்து அனுப்பியது தாமஸ் ஹாலி என்ற ரூஜ் க்ரோவா பர்சிவன்டை. ஜேம்ஸ் அவரை உடனே திருப்பி அனுப்பவில்லை, பிடித்து வைத்துக்கொண்டார். முகாமின் நிலையைப் பார்த்துவிட்ட ஆள் அல்லவா. பதிலுக்கு வந்த ஸ்காட்லாந்து ஹெரால்டை ஆங்கிலேயர்களும் தங்கள் படைக்கு அருகில் விடவில்லை. செப்டம்பர் 9 அன்று ஃபிளாடன் களத்தில் ஜேம்ஸ் மாண்டார். வெற்றிச் செய்தியை அரசவைக்குக் கொண்டுபோனவர் இந்த ஹாலிதான். அவர் பின்னாளில் கிளாரன்சோ கிங் ஆஃப் ஆர்ம்ஸ் வரை உயர்ந்தார்.

ஆனால் இந்தச் சாகசங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. இந்த இளையவர்களுக்குப் பேச உரிமை குறைவு, பார்க்கவும் எழுதவும் நேரம் அதிகம். ஆங்கில அரசவையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி இவர்கள் எழுதி வைத்தது. நல்ல எடுத்துக்காட்டு, 1472இல் அப்போதைய புளூமேன்டில் எழுதிய குறிப்பு. நான்காம் எட்வர்ட் நாடிழந்து ஓடியபோது புரூஜ் நகரில் அடைக்கலம் கொடுத்தவர் லூயி த ஃகிரூட்டஹூஸ என்ற பிரபு. மறுபடி அரியணை ஏறிய எட்வர்ட், அவரை வரவழைத்து வின்செஸ்டர் பிரபு என்ற பட்டம் கொடுத்தார். விருந்தினருக்கு ஒதுக்கிய அறைகள், படுக்கையின் விரிப்பு, குளிக்க வைத்த தொட்டி, யார் யாரோடு நடனமாடினார்கள் என்பதுவரை புளூமேன்டில் எழுதியிருக்கிறார். அன்றைய அரண்மனைக்குள் ஒரு விருந்தினர் எப்படி நடத்தப்பட்டார் என்று அறிய இதைவிட உயிரோட்டமான சாட்சி கிடைப்பது அரிது.

அடுத்து விசிடேஷன் எனப்படும் சுற்றுப்பயணங்கள். 1530 முதல் 1688 வரை, கிங் ஆஃப் ஆர்ம்ஸ் மாவட்டம் மாவட்டமாகப் போய், குலச்சின்னம் பயன்படுத்தும் ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு, என்ன உரிமை, யார் வம்சம், ஆதாரம் என்ன என்று விசாரிப்பார்கள். உரிமை இல்லாதவர்கள் "நான் கனவான் அல்ல" என்று ஒத்துக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் மூத்தவருக்குப் பதில் பிரதிநிதியாகப் போய்க் குதிரை ஏறி அலைந்தவர் ஒரு பர்சிவன்ட்தான். வம்சாவளி கேட்டு எழுதுவது, கல்லறைகளில் இருக்கும் சின்னங்களை வரைந்துகொள்வது, தேவாலயக் கண்ணாடிகளைப் படி எடுப்பது எல்லாம் அவர்கள் தலையில்.

1597இல் ரூஜ் டிராகன் ஆன வில்லியம் ஸ்மித் இந்தப் பயிற்சியின் ஒரு நல்ல விளைச்சல். செஷயர்காரர். அதற்கு முன் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் பல ஆண்டுகள் விடுதி நடத்தியவர். இங்கிலாந்தைப் பற்றி நகரப் படங்களோடு ஒரு விவரணையை 1588இல் எழுதினார், வரைபடங்கள் வரைந்தார், நூரம்பெர்க்கைப் பற்றித் தனியாக எழுதினார். ஷேக்ஸ்பியர் காலத்து நாடக உலகத்தைப் படிப்பவர்கள் இவரை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் மேலதிகாரிகள் சின்னம் கொடுக்கிறார்கள் என்று அலுவலகத்துக்குள் அப்போது பெரிய சண்டை. ஸ்மித் அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே எழுதி வைத்தார். ஷேக்ஸ்பியரின் குழுவில் இருந்த ஃபிலிப்ஸ் என்ற நடிகர், அதே பெயருடைய பழைய பிரபு ஒருவரின் சின்னத்தைத் தங்க மோதிரத்தில் பொறித்துக்கொண்டதையும், போப் என்ற இன்னொரு நடிகர் சர் தாமஸ் போப்பின் சின்னத்தைத் தவிர வேறெதையும் ஏற்க மறுத்ததையும் அதில் குறித்திருக்கிறார். மோதிரம் செய்த பொறிப்புக்காரனின் கடை எந்தத் தெருவில் என்பதுகூட இருக்கிறது.

அதே சண்டையின் இன்னொரு முனையில் ரால்ஃப் புரூக். 1580இல் ரூஜ் க்ரோவாவாக நுழைந்து யார்க் ஹெரால்ட் ஆனவர். மிகுந்த அறிவாளி, அதைவிட மிகுந்த சண்டைக்காரர். ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்குச் சின்னம் கொடுத்ததையும் குற்றப் பட்டியலில் சேர்த்தவர் அவர்தான். 1616இல் தன் மேலதிகாரி சர் வில்லியம் சீகரை மாட்டிவிட ஒரு பொறி வைத்தார். கிரெகரி பிராண்டன் என்ற பெயரில் ஒரு கனவானுக்கு என்று சொல்லி, அரகான் அரச சின்னத்தையே வழங்கும் பத்திரத்தில் சீகரைக் கையெழுத்திட வைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அந்த பிராண்டன் லண்டனின் அரசாங்கத் தூக்கிலிடுபவர் என்று. அரசர் முதலாம் ஜேம்ஸ் இருவரையும் சேர்த்து மார்ஷல்சீ சிறைக்கு அனுப்பினார்.

உள்நாட்டுப் போரும் கிராம்வெல் ஆட்சியும் கடந்து, 1661இல் ரூஜ் டிராகனாக வந்தவர் பிரான்சிஸ் சாண்ட்ஃபோர்ட். ஐந்து ஆண்டில் லண்டன் பெருந்தீ. ஹெரால்டுகளின் வீடு எரிந்து சாம்பலானது. 1555இல் மேரி அரசி கொடுத்த இடம் அது. பதிவேடுகளை மட்டும் பெரும்பாலும் காப்பாற்றி வைட்ஹால் அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். விசிடேஷன் ஏடுகள் அன்று எரிந்திருந்தால் ஆங்கிலக் குடும்ப வரலாற்றில் பாதி இன்று இருக்காது. அதே மனையில் மறுபடி எழுந்த செங்கல் கட்டிடத்தின் வடிவமைப்பில் சாண்ட்ஃபோர்டுக்கும் அரசாங்கக் கொத்தனார் மோரிஸ் எம்மெட்டுக்கும் முக்கியப் பங்கு உண்டு. இன்று குயின் விக்டோரியா தெருவில் நிற்பது அந்தக் கட்டிடம்தான்.

சாண்ட்ஃபோர்ட் 1676இல் லேன்கஸ்டர் ஹெரால்டாக உயர்ந்தார். 1685இல் நடந்த இரண்டாம் ஜேம்ஸின் முடிசூட்டு விழாவைப் பற்றி அவர் 1687இல் வெளியிட்ட பெரிய நூல், ஊர்வலத்தில் நடந்த ஒவ்வொருவரையும் செப்புத் தகட்டு ஓவியத்தில் காட்டுகிறது. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார். தப்பியோடிய மன்னரின் முடிசூட்டு நூலை யார் வாங்குவார்கள்? சாண்ட்ஃபோர்ட் புது மன்னரிடம் பணி செய்ய மனமின்றி 1689இல் விலகி, 1694இல் வறுமையில் இறந்தார். பதவியை அவரிடமிருந்து விலை கொடுத்துப் பெற்றவர், அந்த நூலைத் தயாரிக்க அவருக்குப் பெரிதும் உதவிய கிரெகரி கிங்.

இந்த முழுப் பதிலையும் எழுத எனக்கு ஆசை வந்ததே கிரெகரி கிங்குக்காகத்தான். 1648இல் லிச்ஃபீல்ட் நகரில் பிறந்தார். 14 வயதில் சர் வில்லியம் டக்டேல் என்ற மூத்த ஹெரால்டிடம் எழுத்தராகச் சேர்ந்தார். டக்டேல் வட இங்கிலாந்தில் விசிடேஷன் போனபோது கூடவே போய், சின்னங்கள் வரைந்து, வம்சாவளிகள் எழுதினார். பிறகு லண்டன் வந்து, சாலை வரைபட நூலால் புகழ்பெற்ற ஜான் ஓகில்பியிடம் வேலை பார்த்தார். நில அளவை, செப்புத் தகட்டுச் செதுக்கல், கணக்கு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றார். 1677இல் ரூஜ் டிராகன் ஆனார், லேன்கஸ்டர் ஹெரால்ட் ஆகும்வரை அதில் இருந்தார். 1680களில் கடைசிக் கட்ட விசிடேஷன்களின் உழைப்பில் பெரும்பகுதி அவருடையது.

இந்த வேலை ஒரு மனிதனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் இவர் யார், என்ன அந்தஸ்து, எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டுக்கேட்டு எழுதுகிறார். பிரபு, நைட், எஸ்கொயர், கனவான் என்று ஒவ்வொரு படியிலும் எத்தனை குடும்பங்கள் என்று கையில் ஏடு இருக்கிறது. 1690களில், பிரான்ஸுடன் நடந்த போருக்குப் பணம் திரட்ட, பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் மீது வரி போட்டார்கள். அதற்காக ஊர்வாரியாக ஆட்களின் பட்டியல் எடுக்கப்பட்டது. இந்தப் பட்டியல்களையும், வீட்டில் எத்தனை அடுப்பு என்று எண்ணி வாங்கிய அடுப்பு வரியின் கணக்கையும் வைத்து, ஹெரால்டின் கண்ணோடு, கிங் ஒரு காரியம் செய்தார். நாட்டில் மொத்தம் எத்தனை பேர், எந்தப் படியில் எத்தனை குடும்பம், ஒவ்வொன்றின் வருமானம் என்ன, செலவு என்ன என்று ஒரே தாளில் அட்டவணை போட்டார். 1688ஆம் ஆண்டு நிலவரம் என்று அதற்குத் தலைப்பு.

மேலே 160 பிரபுக் குடும்பங்கள், வேலைக்காரர்களையும் சேர்த்துக் குடும்பத்துக்கு 40 பேர், ஆண்டு வருமானம் 2,800 பவுண்டு. அப்படியே இறங்கிப் பிஷப்புகள், வணிகர்கள், வழக்கறிஞர்கள், பாதிரியார்கள், சொந்த நிலக்காரர்கள், குத்தகை விவசாயிகள், கடைக்காரர்கள், கைவினைஞர்கள். கீழே கூலிக்காரர் குடும்பங்கள் 3,64,000, வருமானம் 15 பவுண்டு. அதற்கும் கீழே குடிசைவாசிகளும் ஏழைகளும் 4,00,000 குடும்பங்கள், வருமானம் ஆறரை பவுண்டு. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்த்து மொத்த மக்கள் 55,00,520. கணினி வைத்து ஆயிரக்கணக்கான திருச்சபைப் பதிவேடுகளை ஆராய்ந்த 20ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் கணிப்பும் இந்த எண்ணிலிருந்து பெரிதாக விலகவில்லை.

அட்டவணையில் கிங் ஒரு கோடு போட்டார். நாட்டின் செல்வத்தைக் கூட்டுகிற குடும்பங்கள் 5,11,586. குறைக்கிற குடும்பங்கள் 8,49,000. வருமானம் செலவுக்குப் போதாதவர்களையெல்லாம் குறைக்கிறவர்கள் என்ற பக்கம் தள்ளிவிட்டார். வயலில் உழைக்கிற கூலிக்காரனை நாட்டுக்குப் பாரம் என்று எழுதியது அநியாயம். அங்கே பேசுவது கணக்கர் அல்ல, மனிதர்களைத் தட்டுத் தட்டாகப் பார்க்கப் பழகிய ஹெரால்டின் கண். ஆனால் அதே கண் இல்லாமல், ஒரு நாட்டின் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வரவுக்கு மீறிச் செலவழித்தால்தான் உயிர் வாழ முடிகிறது என்ற உண்மை அன்று எண்ணாக வெளிவந்திருக்காது. இதை அவர் அச்சிடவில்லை. நண்பர் சார்லஸ் டேவனன்ட் 1699இல் சில பகுதிகளை வெளியிட்டார், முழுமையாக வந்தது கிங் இறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கோதுமை விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் நான்கரை மடங்கு கூடுதலாகும் என்ற கணக்கும் இவர்கள் இருவர் பெயரிலேயே பொருளியலில் நிலைத்துவிட்டது.

இவ்வளவு செய்தவருக்கு அலுவலகத்தில் என்ன கிடைத்தது? 1704இல் கிளாரன்சோ பதவி காலியானபோது, வாழ்நாள் முழுக்க இந்த வேலையே பார்த்த கிங்கை ஒதுக்கிவிட்டு, ஜான் வான்பரோவை நியமித்தார்கள். வான்பரோ சிறந்த நாடகாசிரியர், பெரிய கட்டிடக் கலைஞர், ஆனால் குலச்சின்ன இயலில் ஒன்றும் தெரியாதவர். கிங் எதிர்த்து மனுக் கொடுத்தார், பயனில்லை. 1712இல் லேன்கஸ்டர் ஹெரால்டாகவே இறந்தார்.

18ஆம் நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விசிடேஷன் நின்றுவிட்டது, பதவிகள் செல்வாக்குக்கும் பணத்துக்கும் கைமாறின, பல பர்சிவன்ட்கள் அலுவலகப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1831இல் சம்பளத்தைக் குறைத்ததும் இந்தச் சோர்வின் தொடர்ச்சிதான். அதற்கு முன், முதலாம் ஜேம்ஸ் காலத்தில், ஒரு பர்சிவன்டுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு இருந்தது. மறுமலர்ச்சி 20ஆம் நூற்றாண்டில் வந்தது. 1931இல் போர்ட்கல்லிஸ் பர்சிவன்டாகச் சேர்ந்த அந்தோனி வாக்னர், பழைய ஏடுகளை வரலாற்று அறிஞரின் முறையோடு படித்துப் பட்டியலிட்டார், 1961இல் கார்ட்டர் என்ற தலைமைப் பதவிக்கு வந்தார்.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி, இன்றைக்கு என்ன வேலை? விழா நாட்கள் ஆண்டில் ஒரு சிலதான்: நாடாளுமன்றத் தொடக்கம், ஜூனில் விண்ட்சரில் கார்ட்டர் ஆராதனை. முடிசூட்டும் அரச இறுதிச் சடங்கும் எப்போதாவது வருபவை. மீதி நாட்களில் ரூஜ் டிராகன் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர். அதிகாரிகள் முறை வைத்துக்கொண்டு வாசலில் பணியில் இருப்பார்கள். அந்த முறையில் வந்து விசாரிப்பவர் பெரும்பாலும் அந்த அதிகாரியின் கட்சிக்காரராகிவிடுவார். என் கொள்ளுத்தாத்தாவின் மோதிரத்தில் இருக்கும் சின்னம் யாருடையது, எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய சின்னம் வேண்டும், என் வம்சாவளியைப் பதிவு செய்ய வேண்டும் என்று வருவார்கள். அதற்கான கட்டணத்தில் கிடைக்கும் பங்குதான் அவருடைய உண்மையான வருமானம். 13 பவுண்டு 95 பென்ஸில் லண்டனில் ஒருவேளை நல்ல சாப்பாடு சாப்பிடுவதே கஷ்டம்.

நியமனம் அரசர் பெயரில் முத்திரையிட்ட பத்திரம் மூலம் நடக்கும். பரிந்துரைப்பவர் ஏர்ல் மார்ஷல். 1672 முதல் அது நார்ஃபோக் டியூக் குடும்பத்தின் பரம்பரைப் பொறுப்பு. பிரபு குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. 1998இல் ரூஜ் டிராகனாக நியமிக்கப்பட்ட கிளைவ் சீஸ்மன் அதற்கு முன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நாணயப் பிரிவில் வேலை பார்த்தவர், வழக்கறிஞர் தகுதியும் பெற்றவர். 2010இல் ரிச்மண்ட் ஹெரால்ட் ஆனார். லத்தீன் படிக்க வேண்டும், பழைய கையெழுத்து புரிய வேண்டும், ஒரு வம்சாவளியில் எந்தக் கண்ணி பொய் என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஸ்காட்லாந்தில் இதே வேலையைச் செய்பவர்கள் லார்ட் லயன் என்ற தனித் தலைவரின் கீழ் வருவார்கள், யூனிகார்ன், கேரிக், ஆர்மண்ட் என்று அவர்களுடைய பெயர்களும் வேறு. அதனால் குடும்பச் சின்னம் பற்றி எழுதிக் கேட்பதாக இருந்தால், மூதாதையர் ஸ்காட்லாந்துக்காரரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம் என்றால் கடிதம் எடின்பரோவுக்குப் போக வேண்டும், லண்டனுக்கு அல்ல.